10 வெற்றி, 72 தோல்வி: ஃபிலடெல்ஃபியாவின் நீண்ட காத்திருப்பு

2016 ஏப்ரல் 5 அன்று ஃபிலடெல்ஃபியா செவன்டி சிக்ஸர்ஸ் கூடைப்பந்து அணி நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் அணியை வென்றது. அந்த சீசனில் அவர்களுக்குக் கிடைத்த பத்தாவது வெற்றி அது. கடைசி வெற்றியும் அதுதான். ஆனாலும் பத்து என்ற எண்ணிக்கைக்கு அந்த ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. 1972-73 சீசனில் இதே அணி 9 ஆட்டங்களில் மட்டும் வென்று 73 ஆட்டங்களில் தோற்றிருந்தது. 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் அதைவிட மோசமான கணக்கு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றில் கிடையாது. தன் பழைய அவமானத்தைத் தானே சமன் செய்யும் நிலையிலிருந்து ஒரே ஒரு வெற்றியால் அணி தப்பியது. மறுநாள், அணியின் பொது மேலாளர் சாம் ஹிங்கி 13 பக்கக் கடிதம் ஒன்றை உரிமையாளர்களுக்கு அனுப்பிவிட்டுப் பதவி விலகினார்.

சிறந்த புதிய ஆட்டக்காரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக்காக மூன்று ஆண்டுகள் தோல்வியை ஏற்றுக்கொள்வது என்ற ஹிங்கியின் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர், தெரிந்தே தோற்பது நியாயமா என்ற கேள்வியைத் தாண்டிப் போவதில்லை. நடந்தவற்றை ஆண்டு ஆண்டாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தென்படுவது வேறு. தோற்றுச் சேர்க்க நினைத்ததை அந்த மூன்று ஆண்டுகளும் ஏறக்குறையச் சேர்த்தே கொடுத்தன. அணி வழுக்கியது, சேர்த்ததைச் செலவழித்த அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில். சேர்த்தவருடைய கையும் செலவழித்தவர்களுடைய கையும் ஒன்றாக இல்லாமல் போனதற்கு ஹிங்கியும் ஒரு காரணம் என்பதால், அவரை முழுவதுமாக விடுவிக்கவும் என்னால் முடியவில்லை.

தோல்விக்கு என்ன விலை கிடைக்கும்

என்.பி.ஏ.வில் கடைசி இடத்துக்கு வரும் அணி, ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் நடப்பதுபோலக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவதில்லை. நமக்குப் பழக்கமான ஐ.பி.எல். ஏலமும் அங்கே கிடையாது. கல்லூரிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் புதிய ஆட்டக்காரர்களை, ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு சுற்றுகளாக நடக்கும் டிராஃப்டில் அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன; இந்தத் தேர்வு உரிமைகளை, எதிர்கால ஆண்டுகளுக்குரியவற்றையும்கூட, அணிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளலாம். அந்த வரிசையின் முதல் சில இடங்களை முடிவுசெய்ய, பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத அணிகளுக்கிடையே லாட்டரி குலுக்கப்படுகிறது. ஹிங்கி பொறுப்பேற்ற காலத்து விதிப்படி, லீகிலேயே மிகக் குறைவாக வென்ற அணிக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதம். அதற்கடுத்த அணிக்கு 19.9, மூன்றாவதற்கு 15.6. எவ்வளவு துரதிர்ஷ்டம் வந்தாலும் கடைசி அணி நான்காம் இடத்துக்குக் கீழே இறங்காது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் மட்டுமே களத்தில் நிற்கும் விளையாட்டில், மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் ஆடி அணியின் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறார்; பதினொருவர் ஆடும் விளையாட்டுகளில் தனியொருவருக்கு இவ்வளவு எடை கிடையாது. அப்படிப்பட்டவர்கள் ஒப்பந்தம் முடிந்து வேறு அணி தேடும்போது, ஏற்கெனவே வெற்றி பெறும் அணிகளையோ பெரிய நகரங்களையோ நாடுகிறார்கள். ஆகவே நடுத்தர அணி ஒன்றுக்கு அப்படியொருவர் கிடைக்க எளிய வழி டிராஃப்டின் முதல் சில இடங்கள்தான். ஆண்டுதோறும் 35, 40 ஆட்டங்களில் வென்று நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும் அணிக்குக் கோப்பையும் கிட்டாது, அந்த இடங்களும் கிட்டாது.

சிக்ஸர்ஸ் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. 2012-இல் எட்டாம் இடத்திலிருந்து பிளே-ஆஃபுக்குள் நுழைந்து, காயத்தால் டெரிக் ரோஸை இழந்திருந்த சிகாகோ புல்ஸ் அணியை வெளியேற்றி, அடுத்த சுற்றில் பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம் வரை போராடியது. அந்த உற்சாகத்தில், 2012 ஆகஸ்டில் நான்கு அணிகள் கலந்துகொண்ட பரிமாற்றம் ஒன்றில், ஆண்ட்ரே இகுவடாலாவையும் இளைஞர் நிக்கோலா வூச்சேவிச்சையும் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றையும் கொடுத்து, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸின் மைய ஆட்டக்காரர் (வளையத்துக்கு அருகே ஆடும் உயரமானவர்) ஆண்ட்ரூ பைனமை வாங்கினார்கள். முழங்கால் கோளாறால் பைனம் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2012-13 சீசன் 34 வெற்றி, 48 தோல்வியுடன் முடிந்தபோது அணியிடம் நட்சத்திரமும் இல்லை, அடுத்து விற்பதற்குப் பெரிதாகச் சரக்கும் இல்லை.

முதலீட்டு நிறுவனத் தொழிலிலிருந்து வந்த ஜோஷ் ஹாரிஸ் தலைமையிலான குழு 2011-இல்தான் அணியை வாங்கியிருந்தது. 2013 மே மாதம் அவர்கள் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் டேரில் மோரிக்குக் கீழே பணியாற்றிய ஹிங்கியைப் பொது மேலாளராக அழைத்துவந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் வணிக மேலாண்மை படித்த, புள்ளிவிவரங்களை நம்பிய, பத்திரிகையாளர்களிடம் அதிகம் பேசாத மனிதர் அவர். அணியைத் தற்காலிகமாகச் சீர்செய்வதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

விற்றவையும் வாங்கியவையும்

அவருடைய முதல் டிராஃப்ட் இரவான 2013 ஜூன் 27 அன்றே திட்டம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. லீகின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அணியிலிருந்து தேர்வாகியிருந்த ஒரே ஆட்டக்காரரான, 23 வயதே ஆன ஜ்ரூ ஹாலிடேவை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து, அன்று ஆறாவதாகத் தேர்வான நெர்லென்ஸ் நோயலையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமை ஒன்றையும் வாங்கினார். நோயலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அந்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. மற்ற அணிகள் தயங்கி ஒதுக்கிய காயம்பட்ட உடலை மலிவாக வாங்கிக் காத்திருப்பது என்ற வழக்கம் அங்கே தொடங்கியது. அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: வாங்கியவர் குணமாகும்வரை அணி தோற்றுக்கொண்டே இருக்கும், அதனால் அடுத்த டிராஃப்டிலும் நல்ல இடம் வரும். இரண்டில் எது முதல் நோக்கம், எது பக்கவிளைவு என்பதை ஹிங்கியின் எதிரிகளும் ஆதரவாளர்களும் இன்றுவரை தீர்த்துக்கொள்ளவில்லை.

2014-இல் லீகின் இரண்டாவது மோசமான அணியாக லாட்டரிக்குப் போன சிக்ஸர்ஸுக்கு மூன்றாம் இடம்தான் விழுந்தது, வெறும் 1.7 சதவீத வாய்ப்பிலிருந்த கிளீவ்லாந்து முதலிடத்தைத் தட்டிச் சென்றது. கேமரூனிலிருந்து வந்த ஜோயல் எம்பீட் மூன்றாம் இடம் வரை மீந்திருந்ததற்குக் காரணம், டிராஃப்டுக்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய பாத எலும்பில் கண்டறியப்பட்ட முறிவு. அந்த முறிவு இல்லாவிட்டால் அவர் முதலாவதாகவே போயிருக்கலாம் என்பது அன்றைக்குப் பரவலாக இருந்த கருத்து. இந்தத் திட்டத்தில் கிடைத்த மிகப் பெரிய ஆட்டக்காரரை, அடித்துப் பிடித்துத் தோற்றதால் வந்த முன்வரிசை அதிர்ஷ்டம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆடாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல முடிந்த ஒரே அணியாக அது இருந்ததுதான் சேர்த்தது. தோல்வியால் கிடைத்த வரிசை எண்ணைவிட, தோல்வியால் கிடைத்த அவகாசத்துக்கே அங்கே பயன் இருந்தது என்பேன்.

அதே இரவில் ஹாலிடே பரிமாற்றத்தால் வந்த பத்தாம் இடத்தில் எல்ஃப்ரிட் பேட்டனைத் தேர்ந்தெடுத்து, அவரை விரும்பிய ஆர்லாண்டோவிடம் உடனே கொடுத்துவிட்டு, பன்னிரண்டாம் இடத்தில் தேர்வான குரோஷியர் டாரியோ ஷாரிச்சையும், பைனம் விவகாரத்தில் அணி இழந்திருந்த அதே முதல் சுற்று உரிமையையும் திரும்ப வாங்கினார்கள். ஷாரிச் மேலும் இரண்டு ஆண்டுகள் துருக்கியில் ஆடிவிட்டுத்தான் வருவார் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

ஹிங்கியின் கைத்திறன் உச்சத்தில் இருந்தது 2015 ஜூலையில் சாக்ரமென்டோவுடன் நடந்த பரிமாற்றத்தில். பழைய ஒப்பந்தம் முடிந்து வெளியே இருந்த ஆட்டக்காரர்களை எடுக்க, ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்பில் இடம் தேவைப்பட்ட அந்த அணி, தன்னிடமிருந்த இரண்டு சம்பளச் சுமைகளையும், முந்தைய ஆண்டு எட்டாவதாகத் தேர்ந்தெடுத்த நிக் ஸ்டாஸ்கஸையும், 2019-இன் முதல் சுற்று உரிமையையும், 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் டிராஃப்ட் இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. பதிலுக்குப் பெற்றது, என்.பி.ஏ.வில் பின்னர் ஒருமுறைகூட ஆடாத இரண்டு ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் மீதான உரிமையை மட்டுமே. சம்பள வரம்பில் காலி இடம் என்பதை ஒரு கிடங்குபோல வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுப் பழைய சாமான்களை அதில் இறக்கிவைக்க வாடகை வாங்குவது என்ற இந்த வழியைப் பின்னர் வேறு பல அணிகளும் பின்பற்றின.

களத்தில் நின்றவர்கள்

காகிதத்தில் இப்படிப் பெருகிக்கொண்டிருந்தபோது களத்தில் யாராவது ஆட வேண்டியிருந்தது. 2013 ஆகஸ்டில் பயிற்றுநராக வந்த பிரெட் பிரவுன், சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸின் உதவிப் பயிற்றுநராகவும் ஆஸ்திரேலிய தேசிய அணியின் பயிற்றுநராகவும் இருந்தவர். அவருடைய முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியனான மயாமி ஹீட் தோற்றது. புதுமுகம் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் அன்று 22 புள்ளிகள் எடுத்ததோடு எதிரணியிடமிருந்து 9 முறை பந்தைப் பறித்தார். முதல் மூன்று ஆட்டங்களிலும் வென்ற அந்த அணி, சீசனை 19 வெற்றி, 63 தோல்வியில் முடித்தது. இடையே ஜனவரி இறுதியில் தொடங்கி மார்ச் கடைசி வரை தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்று, ஒரே சீசனில் மிக நீண்ட தோல்வித் தொடர் என்று 2010-11-இல் கிளீவ்லாந்து வைத்திருந்த கணக்கைச் சமன் செய்தது. அந்தத் தொடரின் நடுவில், மார்ச் 1 அன்று, ஆலன் ஐவர்சனின் 3-ஆம் எண் சட்டைக்கு ஓய்வளிக்கும் விழா நடந்தது. அரங்கு நிறைந்தது, நிறைத்தவர்கள் வந்தது பழைய நாட்களுக்காக.

அடுத்த சீசன் 17 தோல்விகளுடன் தொடங்கி 18-64 என்று முடிந்தது. 2015 பிப்ரவரியில், ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை முந்தைய ஆண்டு வென்றிருந்த கார்ட்டர்-வில்லியம்ஸையும் ஹிங்கி விற்றார். பதிலுக்கு வந்தது லேக்கர்ஸ் அணியின் எதிர்கால முதல் சுற்று உரிமை. அவருடைய எறிதல் தேறாது என்ற கணிப்பு பின்னாளில் சரியாகவே இருந்தது. ஆனால் அன்றைக்கு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்த இருபது, இருபத்தொரு வயது இளைஞர்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். விருது வாங்கினாலும் இங்கே இடம் நிலையில்லை என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

2015-16 சீசனில் அணி முதல் 18 ஆட்டங்களையும் தோற்றது. முந்தைய சீசனின் கடைசி 10 தோல்விகளையும் சேர்த்தால் தொடர்ந்து 28. டிசம்பர் 1 அன்று லேக்கர்ஸை 103-91 என்று வென்றபோதுதான் அது முடிந்தது. இந்த ஊரையொட்டி வளர்ந்த கோபி பிரையன்ட், ஓய்வை அறிவித்த இரண்டே நாட்களில் ஃபிலடெல்ஃபியாவில் கடைசியாக ஆடிய ஆட்டம் அது. அதன் பிறகும் நிலைமை மாறவில்லை. ஒரு கட்டத்தில் கணக்கு 1-30 என்று நின்றது. மூன்று சீசன்களையும் கூட்டினால் பிரவுனின் கணக்கு 47 வெற்றி, 199 தோல்வி. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பயிற்றுநர் தன் ஆட்டக்காரர்களின் மரியாதையை இழக்காமல் இருந்தார் என்பதை நான் இந்த முழு நிகழ்விலும் மிகக் குறைவாகப் பேசப்பட்ட சாதனையாகக் கருதுகிறேன். டிராஃப்டில் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத ராபர்ட் கோவிங்டனும் டி. ஜே. மெக்கானெலும் அவருடைய கையில்தான் ஆட்டக்காரர்களாக உருவானார்கள். கோவிங்டன் 2018-இல் லீகின் முதன்மைத் தடுப்பாட்ட அணியில் இடம்பெற்றார். மெக்கானெல் 2025-இல் இண்டியானாவுக்காக இறுதிப் போட்டியில் ஆடினார்.

ஹிங்கியின் பிழைகளும் இந்தக் காலத்தில்தான் தெளிவாகத் தெரிகின்றன. நோயல், எம்பீட், பிறகு 2015-இல் மூன்றாம் இடத்தில் ஜலீல் ஓகாஃபோர் என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மைய ஆட்டக்காரர்களையே எடுத்தார். மூவரும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்கள். தூரத்து எறிதல் பெருகி, பழைய பாணி மைய ஆட்டம் தேய்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஓகாஃபோருக்கு அடுத்ததாக, நான்காம் இடத்தில், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் நியூயார்க்குக்குப் போனார். யார் தேறுவார் என்று தெரியாதபோது வாய்ப்புகளைப் பெருக்குவதே புத்திசாலித்தனம் என்ற கணக்கு காகிதத்தில் சரிதான். ஆனால் ஒருவரது ஆட்ட நேரத்தை இன்னொருவர் தின்றபோது மூவரின் சந்தை மதிப்பும் சரிந்தது.

இரண்டாவது பிழை, மூத்தவர்கள் இல்லாத வீடாக அணியை வைத்திருந்தது. 2015 நவம்பரில் ஓகாஃபோர் பாஸ்டன் வீதியில் கைகலப்பில் ஈடுபட்ட காணொளி வெளியாகி, அணி அவரை இரண்டு ஆட்டங்களுக்கு விலக்கிவைத்தது. எப்போது உறங்குவது, யாரோடு வெளியே போவது, தோற்ற மறுநாள் காலைப் பயிற்சிக்கு எப்படி வருவது என்பதையெல்லாம் இளைஞர்கள் பயிற்றுநரிடமிருந்து கற்பதைவிட, உடைமாற்றும் அறையில் பக்கத்துப் பெட்டகத்தை வைத்திருக்கும் மூத்தவரிடமிருந்துதான் கற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளம் ஹிங்கியின் கணக்கில் வீண் செலவாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, அவர் பேசாதது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவரை ஏறக்குறைய ஞானியாகவே கொண்டாடினார்கள். அவருடைய திட்டத்தைக் குறித்த 'செயல்முறையை நம்பு' என்ற முழக்கம் தோல்விக் காலத்தில் ஆடியவர்களின் வாயிலிருந்து பிறந்து ஊரின் அடையாளமாகவே மாறியது. ஆனால் முகவர்களும் பிற அணி உரிமையாளர்களும் லீக் அலுவலகமும் ரசிகர்கள் அல்லர். சிக்ஸர்ஸ் தங்கள் ஊருக்கு வரும்போது அரங்கு நிறைவதில்லை என்று மற்ற உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். 2015 டிசம்பர் 7 அன்று ஜெர்ரி கொலாஞ்சலோ கூடைப்பந்துப் பிரிவின் தலைவராக நியமிக்கப்பட்டார். லீக் ஆணையர் ஆடம் சில்வரின் ஊக்கம் அதன் பின்னால் இருந்தது என்று அப்போதே பரவலாக எழுதப்பட்டது. நான்கு மாதங்களில் ஹிங்கி வெளியேற, ஜெர்ரியின் மகன் பிரையன் கொலாஞ்சலோ அந்த நாற்காலிக்கு வந்தார். 10-72 என்ற கணக்குக்குப் பரிசாக 2016 லாட்டரியில் முதலிடம் வந்தபோது, அதற்காகத் தோற்றவர் அலுவலகத்தில் இல்லை.

செலவழித்த கைகள்

2016 கோடையில் அணியிடம் இருந்தவை: இரண்டு ஆண்டுகள் ஆடாத எம்பீட், டிராஃப்டின் முதல்வரான பென் சிம்மன்ஸ், துருக்கியிலிருந்து வந்திறங்கிய ஷாரிச், நோயல், ஓகாஃபோர், இரண்டாம் சுற்றில் கிடைத்த ஜெராமி கிரான்ட், கோவிங்டன், லேக்கர்ஸின் உரிமை, சாக்ரமென்டோவின் உரிமைகள், இவற்றோடு ஏராளமான சம்பள இடம். லீகில் வேறெந்த அணியும் இவ்வளவு கையிருப்போடு இருக்கவில்லை.

கிரான்ட் அந்த நவம்பரிலேயே எர்சான் இல்யாசோவாவுக்கும் நிபந்தனையோடு கூடிய ஒரு தேர்வு உரிமைக்கும் விற்கப்பட்டார். பின்னாளில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அவர் இருந்தார். நோயல் 2017 பிப்ரவரியில் டல்லஸுக்குப் போனார். முதல் சுற்று உரிமை கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. குறிப்பிட்ட இடங்களுக்குள் வந்தால் அது டல்லஸிடமே தங்கும் என்ற பாதுகாப்பு நிபந்தனையால் அது கடைசியில் இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளாகச் சுருங்கியது. ஓகாஃபோரை 2017 டிசம்பரில் அனுப்பும்போது, அவரோடு ஸ்டாஸ்கஸையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் சில்லறை. பெரிய இழப்பு 2017 ஜூனில். சாக்ரமென்டோவுடன் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையால் ஐந்தாம் இடம் மூன்றாக உயர்ந்திருந்தது. அந்த மூன்றாம் இடத்தையும், அதோடு எதிர்கால முதல் சுற்று உரிமை ஒன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்து, கொலாஞ்சலோ முதலிடத்தை வாங்கி மார்கெல் ஃபுல்ட்ஸைத் தேர்ந்தெடுத்தார். பாஸ்டன் மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்துக்கொண்டது. ஃபுல்ட்ஸுக்குத் தோளில் ஏற்பட்ட கோளாறால் எறியும் முறையே குலைந்தது. நரம்பு அழுத்தம்தான் காரணம் என்று கண்டறியப்பட 2018 டிசம்பர் ஆனது. ஃபிலடெல்ஃபியாவுக்காக அவர் ஆடியவை மொத்தம் 33 ஆட்டங்கள். காயத்தை யாரும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஹிங்கியின் முறைக்கு அடிப்படையே, ஒரே ஆளின் மேல் எல்லாவற்றையும் பந்தயம் வைக்காமல் வாய்ப்புகளைப் பிரித்து வைப்பதுதான். இரண்டு வாய்ப்புகளை உருக்கி ஒன்றாக்கிய இந்தப் பரிமாற்றம், அதே செயல்முறையின் பெயரால் நடந்தாலும் அதற்கு நேர் எதிரானது.

எல்லாவற்றையும் மீறி 2017-18-இல் அணி 52 ஆட்டங்களில் வென்றது. கடைசி 16 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று சீசனை முடித்தது. காயத்தால் முதல் ஆண்டை இழந்திருந்த சிம்மன்ஸ் ஆண்டின் சிறந்த புதுமுகமானார். எம்பீட் தன்னையே 'செயல்முறை' என்று அழைத்துக்கொண்டார். 10-இலிருந்து 52-க்கு வர இரண்டே சீசன்கள் ஆயின. பிளே-ஆஃபின் இரண்டாம் சுற்றில், டேட்டம் ஆடிய பாஸ்டன் 4-1 என்று அவர்களை வெளியேற்றியது.

அந்த ஜூனில், மனைவி நடத்திய போலி ட்விட்டர் கணக்குகளின் விவகாரத்தில் கொலாஞ்சலோ பதவி விலகினார். டிராஃப்டுக்கு இரண்டு வாரமே இருந்ததால் பயிற்றுநர் பிரவுனே இடைக்காலப் பொறுப்பைச் சுமந்தார். கார்ட்டர்-வில்லியம்ஸை விற்று வந்த லேக்கர்ஸ் உரிமை பத்தாம் இடமாக முதிர்ந்திருந்தது. அதில் உள்ளூர் வில்லனோவா பல்கலைக்கழகத்தின் மிக்கல் பிரிட்ஜஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய அம்மா, சிக்ஸர்ஸின் தாய் நிறுவனத்திலேயே பணிபுரிந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் குடும்பத்தின் மகிழ்ச்சியைக் காட்டிக்கொண்டிருந்த அதே இரவில், பிரிட்ஜஸைப் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்து, பதினாறாம் இடத்தில் தேர்வான ஜயர் ஸ்மித்தையும் மயாமியின் எதிர்கால உரிமை ஒன்றையும் வாங்கினார்கள். ஸ்மித் இந்த அணிக்காக இருபது ஆட்டங்கள்கூட ஆடவில்லை. பிரிட்ஜஸோ ஆண்டுக்கணக்கில் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் ஆடுகிறவராகப் பெயர் பெற்றார். காயங்களாலேயே அலைக்கழிந்த ஓர் அணி, லீகின் மிகத் திடமான உடலைக் கையிலிருந்து விட்டது.

அதன் பிறகு அவசரம் வந்தது. ஷாரிச்சும் கோவிங்டனும் போய் ஜிம்மி பட்லர் வந்தார்; மயாமியின் அந்த உரிமை உட்படப் பலவற்றைக் கொடுத்து டோபியாஸ் ஹாரிஸ் வந்தார். 2019 மே 12 அன்று, டொரொன்டோவில் நடந்த ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது; 92-90. டொரொன்டோ அந்த ஆண்டின் சாம்பியன். அந்தப் பந்து ஐந்தாம் முறை வெளியே துள்ளியிருந்தால் இந்த ஆய்வே வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கடுத்த கோடையில் பட்லரைப் போகவிட்டு, ஹாரிஸுக்கு ஐந்தாண்டுக்கு 180 மில்லியன் டாலரும், 33 வயதான அல் ஹார்ஃபர்டுக்கு நான்காண்டுக்கு 109 மில்லியன் டாலரும் ஒப்பந்தம் எழுதியதைப் பந்தின் துள்ளல் மேல் போட முடியாது. ஹார்ஃபர்டும் எம்பீடும் ஒரே இடத்துக்காரர்கள். ஹிங்கி மலிவு விலையில் செய்த பிழையை அவர்கள் பெருந்தொகைக்குச் செய்தார்கள். ஓராண்டிலேயே ஹார்ஃபர்டை ஓக்லஹோமா சிட்டி ஏற்றுக்கொள்வதற்காக 2025-இன் முதல் சுற்று உரிமையை உடன் சேர்த்துக் கொடுக்க வேண்டிவந்தது. 2020 நவம்பரில் நிர்வாகத் தலைமைக்கு வந்திருந்தவர் டேரில் மோரி. ஹிங்கி தொழில் கற்றது அவரிடம்தான்.

2021-இல் அட்லான்டாவுடன் நடந்த ஏழாவது ஆட்டத்தில் வளையத்துக்கு அடியில் எறியாமல் பந்தைக் கைமாற்றிய சிம்மன்ஸ், அதற்குப் பின் இந்த அணிக்காக ஆடவேயில்லை. எம்பீட் 2022-23-இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். 2018 முதல் 2023 வரை ஐந்து முறை அணி பிளே-ஆஃபின் இரண்டாம் சுற்றில் நின்றது. 2001-க்குப் பிறகு 2025 வரை அது, லீகின் அரையிறுதிக்குச் சமமான மாநாட்டு இறுதிச் சுற்றைத் தொடவில்லை. 2024-இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அந்த அணியில் ஹாலிடே இருந்தார், டேட்டம் இருந்தார், ஹார்ஃபர்டும் இருந்தார்.

இவ்வளவு வீணடிப்புக்கு நடுவிலும் ஒரு கிளை தழைத்தது. ஃபுல்ட்ஸை 2019 பிப்ரவரியில் ஆர்லாண்டோவுக்கு விற்றபோது கிடைத்தவற்றில் ஒன்று, 2020 டிராஃப்டில் 21-ஆம் இடமாக வந்தது. அதில் கிடைத்தவர் டைரீஸ் மேக்சி; 2024-இல் ஆல்-ஸ்டார் ஆனார். 2015-இல் இரண்டு ஐரோப்பியர்களைக் கொடுத்து சாக்ரமென்டோவிடம் வாங்கிய உரிமை, டேட்டமாக ஆகியிருக்கக் கூடியது, ஃபுல்ட்ஸாகத் திரிந்து, மேக்சியாக மிஞ்சியது.

விதி மாறிய பிறகு

சிக்ஸர்ஸைப் பார்த்து லீக் தன் விதியை மாற்ற முனைந்தது. 2014 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் 30 அணிகளில் 17 மட்டுமே ஆதரித்தன; 23 தேவை என்பதால் தோற்றது. 2017 செப்டம்பரில் நிறைவேறி, 2019 டிராஃப்டிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடத்துக்கான வாய்ப்பு தலா 14 சதவீதம். கடைசி அணி ஐந்தாம் இடம் வரை இறங்கலாம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023-இலும் 2024-இலும் லீகிலேயே கடைசியாக வந்து, இரண்டு முறையும் ஐந்தாம் இடத்தையே பெற்றது. 2023-24-இல் அவர்கள் ஒரே சீசனில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, மொத்தம் 14 வெற்றியில் முடித்தார்கள். அடுத்த ஆண்டே 44 ஆட்டங்களில் வென்றார்கள். நடுவில் நடந்தது லாட்டரி அதிர்ஷ்டம் அன்று. புதிய நிர்வாகமும் புதிய பயிற்றுநரும் வந்தார்கள், இளைஞர்களுக்குப் பக்கத்துப் பெட்டகங்களில் சில மூத்தவர்களை அமர்த்தினார்கள். அந்த மூத்தவர்களில் ஒருவர், ஃபிலடெல்ஃபியாவில் சம்பளத்துக்குத் தகுதியில்லை என்று ஆண்டுக்கணக்கில் ஏச்சு வாங்கிய டோபியாஸ் ஹாரிஸ்.

அதே 2024-25-இல் எம்பீட் 19 ஆட்டங்களே ஆட, சிக்ஸர்ஸ் 24-58 என்று சரிந்தது. ஹார்ஃபர்டைத் தள்ளிவிடக் கொடுத்த உரிமை முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் மட்டுமே தங்களிடம் தங்கும் என்பதால், கடைசி வாரங்களில் தோல்வி மறுபடியும் லாபக் கணக்கில் எழுதப்பட்டது. லாட்டரியில் விழுந்தது மூன்றாம் இடம். பஹாமாஸைச் சேர்ந்த வி. ஜே. எட்ஜ்கம்பை அதில் எடுத்தார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அதே மூன்றாம் இடத்தில் எடுக்கப்பட்ட எம்பீட், அந்த ஏப்ரலில் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடித்துத் தேறிக்கொண்டிருந்தார்.